கர்த்தர் எடுத்தாரா? துன்பம், தியாகம், மன்னிப்பு பற்றி ஒரு கிறிஸ்தவ அரிச்சுவடி

நாலு வருடத்துக்கு முன்னால் பெரியப்பா வீட்டில் ஒரு சாவு. இருபத்திரண்டு வயதுப் பையன். பைக்கில் வந்துகொண்டிருந்தவனை எதிரே தப்பான பக்கத்தில் ஏறி வந்த லாரி அடித்துவிட்டது. வாசலில் சாமியானா, வாடகை நாற்காலிகள், ஓரமாக ஒரு பெரிய ஃபிளாஸ்கில் டீ. வந்தவர்களில் பாதிப் பேர் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒரே வசனம்தான்: "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்." நாலைந்து முறை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா கடைசியில் தலையை நிமிர்த்தி, "எடுத்தது லாரிக்காரன். அதை ஏன் கர்த்தர் தலையில போடுறீங்க?" என்றார். அப்புறம் யாரும் அந்த வசனத்தைச் சொல்லவில்லை.

என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கிறிஸ்தவர் இல்லை. ஒருநாள் டீக்கடையில் அவர் கேட்டார்: "உங்க சாமி ரத்தம் வடிய ஆணியில தொங்குறாரு, அதைக் கழுத்துல வேற போட்டுக்கிறீங்க. கஷ்டப்படுறது நல்லதுன்னா சொல்றீங்க?" கேள்வி நியாயமானது. நம்மில் பலருக்கே இதற்குப் பதில் தெளிவாகத் தெரியாது. அவருக்குச் சொல்ல ஆரம்பித்து பாதியில் பஸ் வந்துவிட்டதால், மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். நான் போதகரும் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பின் பெஞ்சில் உட்காரும் ஆள்.

சாவு வீட்டில் சொல்லப்பட்ட அந்த வசனத்திலிருந்தே தொடங்கலாம். அது பைபிளில் யோபு புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் வருகிறது. ஒரே நாளில் சொத்து, ஆடுமாடு, பத்துப் பிள்ளைகள் எல்லாம் போன மனிதர் தரையில் விழுந்து சொல்வது. சரி, அவர் சொன்னதுதான். ஆனால் அந்தப் புத்தகத்தில் மொத்தம் 42 அதிகாரம் இருக்கிறது! மூன்றாவது அதிகாரத்திலேயே அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாகக் கடவுளோடு வழக்காடுகிறார். நான் என்ன தப்புப் பண்ணினேன், வந்து பதில் சொல்லும் என்கிறார். நாம் முதல் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிட்டு, அழுகிற ஆளிடம் "யோபுவைப் பாருங்க, எவ்வளவு பொறுமை" என்கிறோம்.

யோபுவைப் பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள், ராவும் பகலும், ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்பது என் அபிப்பிராயம். வாயைத் திறந்ததும் ஆரம்பித்துவிட்டார்கள்: நீ ஏதாவது பாவம் செய்திருப்பாய், இல்லாவிட்டால் உன் பிள்ளைகள் செய்திருப்பார்கள், கடவுள் காரணமில்லாமல் அடிக்க மாட்டார். கதையின் கடைசியில் கடவுளுக்குக் கோபம் வருவது அந்த மூவர் மேல்தான். தன்னைப் பற்றி யோபு பேசியதுபோல் இவர்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். சண்டை போட்டவன் பேசியது சரி, கடவுளுக்கு வக்காலத்து வாங்கியவர்கள் பேசியது தப்பு. இது பைபிளிலேயே இருக்கிற தீர்ப்பு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இது ஏன் நடந்தது என்ற காரணம் யோபுவுக்குக் கடைசி வரைக்கும் சொல்லப்படுவதே இல்லை. கடவுள் வருகிறார், பேசுகிறார், நாலு அதிகாரத்துக்குத் திருப்பிக் கேள்வி கேட்கிறார். ஆனால் விளக்கம் கொடுக்கவில்லை. பிறகு ஆடுமாடு இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது, பிள்ளைகளும் பத்துப் பேர் பிறக்கிறார்கள். ஆனால் செத்த பத்துப் பேர் செத்தவர்கள்தான். அந்த முடிவை "எல்லாம் நல்லபடியாக முடிந்தது" என்று வாசிக்க என்னால் முடிந்ததில்லை.

காரணம் தேடும் பழக்கம் நம் ஊரில் எல்லா மதத்துக்கும் பொது. ஒருவர் வினை என்பார், ஒருவர் தோஷம் என்பார், நம்மவர்களில் சிலர் பரம்பரைச் சாபம் என்று சொல்லி அதை முறிக்கத் தனிக் கூட்டமே போடுவார்கள். இயேசுவிடமும் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவன் செய்ததா, பெற்றவர்கள் செய்ததா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார். தேவனுடைய செயல் இவனிடத்தில் வெளிப்படும்படி என்று அடுத்து அவர் சொல்வது எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடாத வாக்கியம். ஆனால் சொன்ன கையோடு குனிந்து மண்ணைக் குழைத்து அவர் கண்ணில் பூசுகிறார். சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து 18 பேர் செத்தபோதும் அப்படித்தான்: அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்றா நினைக்கிறீர்கள், இல்லை என்று வெட்டிப் பேசுகிறார்.

அப்படியானால் துன்பத்துக்குக் கிறிஸ்தவம் தரும் விளக்கம் என்ன? விளக்கம் என்று ஒன்றும் தருவதில்லை, அல்லது நம்மைத் திருப்திப்படுத்தும் விளக்கம் தருவதில்லை. ஒரு ஆளைத் தருகிறது. சிலுவையில் தொங்கும் அந்த ஆள் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று பைபிளிலுள்ள பழைய ஜெபப் பாட்டான 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைச் சொல்லிக் கத்துகிறார். பெரிய வெள்ளிக்கிழமை மதியம் 12 மணியிலிருந்து 3 மணி வரை ஆலயத்தில் உட்கார்ந்து சிலுவையில் அவர் பேசிய ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டவர்களுக்குத் தெரியும், நாலாவது வார்த்தை அதுதான், சரியாக நடுவில். மின்விசிறி இருந்தும் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும், பிரசங்கியாரின் தொண்டையும் கம்மியிருக்கும், அந்த நேரத்தில் கடவுளின் மகனே "ஏன்" என்று கேட்கிறார், மேலிருந்து பதில் வரவில்லை. "ஏன்" என்று கேட்பது அவிசுவாசம் இல்லை என்று எனக்குப் புரிந்தது அப்படி ஒரு மதியத்தில்தான். நாம் எங்கே விழுந்து கிடக்கிறோமோ அந்த இடத்துக்குக் கடவுளே இறங்கி வந்துவிட்டார் என்பதுதான் இதில் கிறிஸ்தவர்கள் பிடித்துக்கொள்ளும் கயிறு.

சரி, அடுத்தது "சிலுவை சுமப்பது". இது நம்மிடையே ரொம்பக் கெட்டுப்போன சொல். குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனோடு வாழ முடியவில்லை என்று அழுகிற பெண்ணிடம், "அது உனக்குக் கொடுத்த சிலுவைம்மா, சுமந்துக்கோ" என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்ற பழமொழியையும் கூடவே சேர்த்துவிடுவார்கள், ஏதோ அதுவும் பைபிளில் இருப்பதுபோல. ஆனால் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் லூக்கா சுவிசேஷத்தில் அந்த வாக்கியத்தின் வினைச்சொல்லைப் பாருங்கள்: தன் சிலுவையை அநுதினமும் "எடுத்துக்கொண்டு" என்னைப் பின்பற்றக்கடவன். எடுத்துக்கொள்வது வேறு, இன்னொருவன் கொண்டுவந்து முதுகில் ஏற்றுவது வேறு. இயேசுவே எல்லா அடிக்கும் முதுகைக் காட்டியவர் இல்லை. கல்லெறிய வந்தபோது மறைந்து போயிருக்கிறார். மலை விளிம்பிலிருந்து தள்ளப் பார்த்தபோது கூட்டத்தின் நடுவே நடந்து வெளியேறியிருக்கிறார். பிடிபடுவதற்குக் கொஞ்சம் முன்னால் கெத்செமனே தோட்டத்தில்கூட, கூடுமானால் இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகும் துன்பம், என்னைவிட்டு நீங்கட்டும் என்றுதான் முதலில் கேட்டார். தவிர்க்கக்கூடிய துன்பத்தைத் தவிர்ப்பதும், அடிக்கிறவன்மேல் புகார் கொடுப்பதும், நோய்க்கு மாத்திரை போடுவதும் சிலுவையை இறக்கி வைப்பது ஆகாது. அதெல்லாம் சிலுவையே இல்லை.

அப்போது எதுதான் சிலுவை? இன்னொருவர்மேல் உள்ள அன்பினால் நீங்களாக ஏற்றுக்கொள்கிற பாரம். தமிழில் "பலி" என்ற சொல் இங்கே குழப்பிவிடும். விபத்தில் மூன்று பேர் பலி என்று செய்தி வருகிறது. ஆபீசில் தப்புப் பண்ணியவன் ஒருத்தன், பலிகடா ஆனவன் இன்னொருத்தன். இதிலெல்லாம் பலியானவருடைய விருப்பம் எங்கேயும் இல்லை. யோவான் சுவிசேஷத்தில் இயேசு தன் உயிரைப் பற்றிச் சொல்வது நேர் எதிர்: "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்." எடுக்கப்பட்டதா, கொடுக்கப்பட்டதா என்பதில்தான் பலியும் தியாகமும் பிரிகின்றன.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகக் கூர்மையான உதாரணம் மாக்சிமிலியன் கோல்பே. போலந்து நாட்டுப் பிரான்சிஸ்கன் குருவானவர். 1941இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் 16670 என்ற எண் கொண்ட கைதி. அந்த ஜூலை மாதக் கடைசியில் ஒரு கைதி தப்பிவிட்டதாகத் தெரிந்ததும், அதற்குத் தண்டனையாகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்ல வரிசையிலிருந்து பொறுக்கி எடுக்கிறார்கள். அதில் ஃப்ரான்சிஷெக் கயோவ்னிச்செக் என்பவர் ஐயோ என் பெண்டாட்டி, என் பிள்ளைகள் என்று அழுகிறார். கோல்பே வரிசையைவிட்டு வெளியே வந்து, இவருக்குப் பதில் நான் போகிறேன் என்கிறார். காவலர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். இரண்டு வாரம் கழித்தும் உயிரோடு இருந்ததால் ஆகஸ்ட் 14 அன்று பீனால் என்ற விஷ ஊசி போட்டுக் கொன்றார்கள்.

இந்தக் கதையைப் பிரசங்கங்களில் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். மிச்சமும் முக்கியம். கயோவ்னிச்செக் முகாமிலிருந்து உயிரோடு வெளியே வந்தார், மனைவியிடம் போய்ச் சேர்ந்தார், ஆனால் எந்தப் பிள்ளைகளை நினைத்து அழுதாரோ அந்த இரண்டு மகன்களும் போரில் ஏற்கெனவே செத்துப்போயிருந்தார்கள். அப்படியென்றால் கோல்பே செத்தது வீணா? லாப நஷ்டக் கணக்குப் போட்டால் பாதி வீண்தான். ஆனால் தியாகத்தை அப்படி அளப்பதில்லை. பலன் வரும் என்ற உத்தரவாதத்தோடு கொடுப்பதற்குப் பெயர் முதலீடு. கயோவ்னிச்செக் 1995 வரை, 93 வயது வரை வாழ்ந்தார். 1982இல் கோல்பேயைப் புனிதராக அறிவித்தபோது ரோமாபுரியில் அந்தக் கூட்டத்தில் அவரும் இருந்தார். தனக்குப் பதிலாகச் செத்த ஒருவருக்கு நடந்த விழாவில் உட்கார்ந்திருப்பது எப்படியிருந்திருக்கும்!

மன்னிப்புக்கு வருகிறேன். எழுத ஆரம்பித்ததே இதற்காகத்தான்.

இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம் ஒன்று எல்லாச் சபைகளிலும் உண்டு. மத்தேயு சுவிசேஷத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அதன் ஒரு வரி இப்படி இருக்கும்: "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." கத்தோலிக்கர் சொல்வதில் அதே இடத்தில் "பொறுப்பது", "பொறுத்தருளும்" என்று வரும். இந்த இரண்டு தமிழ்ச் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மன்னிப்பு என்றால் என்னவென்று பாதி புரிந்துவிடும். என்னிடம் ஒருவர் 50,000 ரூபாய் வாங்கிவிட்டுத் தரவில்லை. சரி போகட்டும் என்று நான் விட்டுவிட்டால் அந்த ஐம்பதாயிரம் ஆவியாகிவிடாது. அந்த நஷ்டத்தை யாரோ சுமக்க வேண்டும், சுமப்பது நான். அதனால்தான் தமிழில் பொறுப்பது என்றால் மன்னிப்பதும்தான், சுமப்பதும்தான். பாரம் பொறுக்கவில்லை என்கிறோம், பிழை பொறுத்தருள்க என்கிறோம், இரண்டும் ஒரே வினை. சிலுவையில் கடவுள் செய்தது இதைத்தான் என்கிறது கிறிஸ்தவம்: நம்மிடம் வசூலிக்க வேண்டியதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். இதை எப்படி விளக்குவது என்பதில் சபைக்குச் சபை வித்தியாசம் உண்டு. அந்தச் சண்டை இப்போது வேண்டாம்.

இயேசு சொன்ன கதை ஒன்றும் கடன் கதைதான். எத்தனை தடவை மன்னிக்க வேண்டும், ஏழு தடவை போதுமா என்று சீஷர்களில் ஒருவரான பேதுரு கேட்கிறார். ஏழெழுபதுதரமட்டும் என்று சொல்லிவிட்டுக் கதை சொல்கிறார். ஒருவனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன், ராஜா தள்ளுபடி செய்கிறார். வெளியே வந்தவன் தனக்கு 100 வெள்ளிப்பணம் தர வேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். அந்தக் காலத்தில் ஒரு பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் நாள் கூலி, ஆக அவனுடைய கடன் ஆறு கோடி நாள் கூலி, அதாவது ஒரு லட்சத்து அறுபதாயிரம் வருடத்துக்கு மேல் தினமும் கூலிக்குப் போனாலும் அடையாது. இந்தப் பெரிய எண்ணைச் சொல்லிப் பிரசங்கியார்கள் சிரிக்கவைப்பார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது சின்ன எண். நூறு நாள் கூலி என்பது மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். அது ஒன்றும் அற்பமான காசு இல்லை. உனக்கு நடந்தது சின்ன விஷயம், விட்டுவிடு என்று இயேசு சொல்லவில்லை. நஷ்டம் நிஜமான நஷ்டம்தான் என்று ஒத்துக்கொண்டுதான் பேசுகிறார்.

ஒடிசாவில் 1999 ஜனவரி 22 இரவு, கியோஞ்சர் மாவட்டம் மனோகர்பூர் கிராமத்தில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய மகன்கள் பிலிப், திமொத்தி இருவரையும் ஒரு கும்பல் வண்டியோடு எரித்துக் கொன்றது. பிலிப்புக்குப் பத்து வயது, திமொத்திக்கு ஆறு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து பாரிபடாவில் தொழுநோயாளிகள் இல்லத்தை நடத்திவந்த குடும்பம். மனைவி கிளாடிஸ் கொன்றவர்களை மன்னிப்பதாகச் சொன்னார். நாட்டையே அசைத்த வார்த்தை அது. ஆனால் அவர் கூடவே தெளிவாக வைத்திருந்த இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: மன்னிப்பு வேறு, குற்றத்துக்குச் சட்டம் தரும் விளைவு வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது. வழக்கு நடந்தது. 2003இல் முக்கியக் குற்றவாளிக்கு மரண தண்டனை, 2005இல் உயர்நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இதற்கிடையே கிளாடிஸ் உடனே ஊருக்குக் கிளம்பிவிடவில்லை. மகள் எஸ்தரோடு 2004 வரை பாரிபடாவிலேயே இருந்து அந்த இல்லத்தைப் பார்த்துக்கொண்டார். மன்னிப்பு என்றால் வழக்கை வாபஸ் வாங்குவது என்று நினைப்பவர்களுக்கு இந்த அம்மாவைத்தான் காட்டுவேன்.

இன்னொரு விதமும் உண்டு. கேரளத்தில் பிறந்து மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளை வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து மீட்க வேலை செய்த கன்னியாஸ்திரி ராணி மரியா, 1995 பிப்ரவரி 25 அன்று இந்தூருக்குப் போகும் பஸ்ஸில் குத்திக் கொல்லப்பட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் தடுக்கவில்லை. அவருடைய தங்கை செல்மி பாலும் கன்னியாஸ்திரிதான். அவர் 2002இல் சிறைக்குப் போய்க் கொலையாளியின் கையில் ராக்கி கட்டினார். பிறகு விடுதலைக்காக இவர்கள் தரப்பிலிருந்தே மனு போனது, 2006இல் அந்த ஆள் வெளியே வந்தார். கொலைக்கும் ராக்கிக்கும் நடுவில் ஏழு வருடம் இருப்பதைக் கவனியுங்கள். கிளாடிஸால் சீக்கிரமே சொல்ல முடிந்தது, அந்த வழக்கில் தண்டனையும் நின்றது, இன்னொரு குடும்பம் விடுதலைக்கே மனுப் போட்டது. மன்னிப்புக்குக் கால அட்டவணை கிடையாது, ஒரே அச்சும் கிடையாது.

இதில் எனக்கு ஆத்திரம் வருகிற விஷயம் ஒன்று இருக்கிறது. தப்புச் செய்தவர் செல்வாக்கான ஆளாக இருந்தால், பெரியவர்கள் நாலு பேர் பாதிக்கப்பட்டவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, "ஆண்டவரே மன்னிச்சாரு, நீ மன்னிக்கக்கூடாதா" என்று வசனத்தால் அமுக்குவார்கள். கடன் கொடுத்தவருக்கு மட்டும்தான் தள்ளுபடி செய்யும் உரிமை உண்டு. மூன்றாவது ஆள் வந்து என் பணத்தைத் தள்ளுபடி செய்வதற்குத் தாராளம் என்று பெயர் இல்லை.

மறந்துவிட்டால்தான் மன்னித்ததாக அர்த்தம் என்பதும் தப்பு. உயிர்த்தெழுந்த பிறகு இயேசு, நம்ப மறுத்த தோமா என்ற சீஷரிடம் தன் கையைக் காட்டுகிறார். சாவையே ஜெயித்து வந்தவருக்கு அந்த ஆணித் தழும்பை ஆற்றிக்கொண்டு வர முடியாதா? அப்படியே வைத்துக்கொண்டுதான் வந்தார். தொட்டுப் பார் என்றார். அந்தத் தோமாதான் பிற்பாடு நம் மயிலாப்பூர் வரைக்கும் வந்தார் என்பது இங்குள்ள கிறிஸ்தவர்கள் வழிவழியாகச் சொல்லிவருவது. பரங்கிமலைக்கு அவர் பெயரும் இருக்கிறது.

பெரியப்பா லாரி வழக்கில் கோர்ட்டுக்குப் போய்ச் சாட்சி சொன்னார். லாரி ஓட்டியவருக்கும் இரண்டு பிள்ளைகள் என்று அங்கேதான் பார்த்தாராம். வீட்டுக்கு வந்து அதை மட்டும் சொன்னார், வேறு எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நான் அவருக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். தமிழ் வாக்கிய அமைப்பினால் அந்த ஜெபத்தில் நாம் மன்னிப்பதுதான் முதலில் வருகிறது, நமக்கு மன்னிப்புக் கேட்பது அதற்கு அப்புறம். "எங்கள் கடனாளிகளுக்கு" என்று சபை தொடங்கும்போது பெரியப்பாவின் சத்தம் நின்றுவிடும். பெரியம்மா திரும்பிப் பார்க்க மாட்டார். "எங்களுக்கு மன்னியும்" என்ற இடத்தில் மறுபடி சேர்ந்துகொள்வார், கொஞ்சம் அவசரமாக, ஆமென் வருவதற்குள் எட்டிப் பிடிக்கிறவர்போல.